உஹுரு கண்ட துடிப்பு

மலையுச்சியும் தெளிந்த வானமும் இருந்தால் விண்மீன்களை ஆராய்ந்துவிடலாம் என்றே அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர். எக்ஸ் கதிர்களைப் பொறுத்தவரை அஃது உண்மையன்று. மருத்துவமனையில் நம் உடலை ஊடுருவிச் செல்லும் அக்கதிர்கள், விண்ணிலிருந்து வருங்கால் காற்று மண்டலத்தினால் உறிஞ்சப்பட்டுத் தரையை எட்டாமலே போகின்றன. ஆகவே கருவிதான் காற்றைக் கடந்து மேலே சென்றாக வேண்டும்.

1962 சூன் 18 அன்று, நள்ளிரவுக்குச் சற்று முன், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலிருந்து ஓர் இராக்கெட் எழும்பியது. சந்திரனிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என அறிவதே அதனை அனுப்பிய ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினரின் நோக்கம். கிடைத்ததோ வேறொன்று. விருச்சிக ராசியின் திசையில், கதிரவ மண்டலத்துக்கு அப்பாலிருந்து வலிமை மிக்க எக்ஸ் கதிர் வருவது தெரிந்தது. ஆனால் 80 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் அந்த இராக்கெட் இருந்த நேரம் ஆறு நிமிடங்கூட இல்லை. அத்துணைச் சிறுபொழுது எட்டிப் பார்த்து எவ்வளவு அறிய முடியும்? வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நின்று பாடங் கேட்ட நம் முன்னோரை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வேண்டியிருந்தது காலம். அதனைத் தந்தது எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள். கென்யக் கடலோரத்தில் இத்தாலியர் அமைத்திருந்த சான் மார்க்கோ மேடையிலிருந்து 1970 டிசம்பர் 12 அன்று அது ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றினால், கருவிகளைக் குழப்பும் துகள் மண்டலங்களைப் பெரிதும் தவிர்க்கலாம் என்பதே அவ்விடத்தைத் தேர்ந்ததன் காரணம். அந்நாள் கென்யா விடுதலை பெற்றதன் ஏழாம் ஆண்டு நிறைவு நாளுமாகும். திட்ட மேலாளரான மார்ஜோரி டவுன்சென்ட் அம்மையார், சுவாகிலி மொழியில் ‘விடுதலை’ எனப் பொருள்படும் ‘உஹுரு’ என்ற பெயரை அதற்குச் சூட்டினார். விண்வெளிக் கலங்களுக்கு இடப்பட்ட பெயர்களுள் இதனினும் சிறந்ததொன்றை யான் அறியேன்.

உஹுருவில் ஆடியும் இல்லை, வில்லையும் இல்லை. வாயு நிரப்பிய எண்ணும் கருவிகளே இருந்தன. கதிர் புகுந்தோறும் ஒரு மின்குறி எழும். கோள் ஏறத்தாழ 12 நிமிடத்துக்கு ஒரு முறையே சுழன்றமையால், ஒரு விண்பொருள் பல வினாடிகள் பார்வையில் நின்றது. 1971 சனவரியில் செண்டாரஸ் எக்ஸ்-3 என்னும் பொருளை இவ்வாறு நோக்கியபோது, எண்ணிக்கை 4.84 வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்குவது தெரிந்தது. ஆனால் அத்துடிப்பின் இடைவெளி சிறிதே மாறிக்கொண்டும் இருந்தது.

இப்புதிரை அவிழ்த்ததும் இடைவிடாத கண்காணிப்பே. 2.087 நாளுக்கு ஒரு முறை, ஏறத்தாழ 12 மணி நேரம் அப்பொருள் மறைந்துபோவதை அறிஞர் கண்டனர். துடிப்பும் அதே கணக்கில் ஒருகால் விரைந்தும் ஒருகால் தாழ்த்தும் வந்தது. பெரிய விண்மீன் ஒன்றைச் சிறிய பொருள் சுற்றி வருகிறது. நம்மை நெருங்குங்கால் துடிப்பு விரைகிறது, விலகுங்கால் தாழ்க்கிறது, பெரியதன் பின்னே செல்லுங்கால் மறைகிறது. 1972-இல் இவ்விளக்கம் வெளியாயிற்று.

அச்சிறிய பொருள் ஒரு நியூட்ரான் விண்மீன். குறுக்களவு 20 கிலோமீட்டர் அளவே; எடையோ நம் கதிரவனுக்குக் குறைந்ததன்று. துணை விண்மீனின் வாயுவை அது தன்பால் ஈர்க்கிறது. காந்தப் புலத்தால் துருவங்களை நோக்கிச் செலுத்தப்பட்டு, அங்கு வீழ்ந்து கொதிக்கும் அவ்வாயுவே எக்ஸ் கதிரை உமிழ்கிறது. விண்மீன் சுழலச் சுழல, கலங்கரை விளக்கின் ஒளி போல அக்கதிர் நம்மைத் தொட்டுச் செல்கிறது. வானொலித் துடிப்பு விண்மீன்கள் நாளடைவில் வேகங் குறைபவை. இதுவோ, குயவர் கோலால் உந்திய சக்கரம் போல, வீழும் வாயுவினால் உந்தப்பட்டு விரைவு பெறுகிறது.

உஹுரு 1973 மார்ச்சில் ஓய்ந்தது. அது தந்த பட்டியலில் 339 எக்ஸ் கதிர் மூலங்கள் உள்ளன. ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட்டும் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுமாறு ஏவப்பட்டது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கிய, செனான் வாயு நிரப்பிய பெரிய எண்ணும் கருவிகள் அதில் வைக்கப்பட்டன. செண்டாரஸ் எக்ஸ்-3 இன்றும் துடிக்கிறது, 4.84 வினாடியாக இருந்த இடைவெளி இந்நூற்றாண்டில் 4.80 வினாடி அளவுக்குக் குறைந்துள்ளது.