ஆலயமும் அரசியற் சிந்தனையும்

சமயம் வேறு, அரசியல் வேறு என்பார் உளர். மலாயாத் தோட்டத் தமிழர் வரலாற்றை நோக்குங்கால், இவ்விரண்டும் கோயில் வாசலிலேயே சந்தித்தமை புலனாகும்.

கங்காணிமார் வழியே தம்பின் உள்ளிட்ட நெகிரி செம்பிலான் வட்டாரங்களுக்கு வந்த நம் முன்னோர், லயங்களின் அருகே மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் எழுப்பினர். பால்மரம் வெட்டி ஈட்டிய கூலியில் திருவிழா நடத்தினர். ஆயினும் தாயகத்துச் சாதி வேற்றுமையும் அவர்களுடன் கப்பலேறி வந்தது. கோயில் முதல் மரியாதை கங்காணிக்கு உரியதாயிற்று; வரி கொடுத்தும் ஒதுங்கி நின்றோர் இருந்தனர்.

1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயா வந்தார். வைதிகர் எதிர்த்தனர், தொழிலாளர் பலர் செவிமடுத்தனர். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். பெரியாரின் கடவுள் மறுப்பை ஏற்காத பக்தர்களும், பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பதை ஏற்றனர்.

பக்தி நெறிக்கும் அக்கருத்து புதிதன்று. நந்தனாரை நாயன்மார் வரிசையில் வைத்துப் போற்றும் சமயம் நம்முடையது. 1936-இல் திருவிதாங்கூர் ஆலயங்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. 1939-இல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார்.

சமத்துவ வேட்கை தோட்டத்திலும் ஒலித்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்டாரல்லர்; துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவும், கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். அது தன்மானக் குரல்.

1957-இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, சமய உரிமையோடு, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமயக் காரியங்களைத் தானே நிர்வகிக்கவும் சொத்து வைத்திருக்கவும் உரிமை அளித்தது. எனினும் தோட்டக் கோயில்கள் பல நின்ற நிலம் தோட்டக் கம்பெனிக்கு உரியதாயிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் கைமாறியபோது, நிலப்பட்டா இல்லாத கோயில்கள் இடம்பெயர நேர்ந்தது. சட்டத்தில் உரிமை இருந்தும் கையில் பட்டா இல்லை என்பதே அவற்றின் துயரம்.

ஆகவே பக்தப் பெருமக்களே, கோயில் நிலத்திற்குப் பட்டா பெறுதலும், வரவு செலவுக் கணக்கை மக்கள் முன் வைத்தலும், எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தித் திருநீறு வழங்குதலும் திருப்பணியேயாகும். ஒதுங்கி நின்றவரின் பேரப்பிள்ளைகள் இன்று தேரின் வடம் பிடிக்கிறார்கள். அவர்கள் பிடித்த வடம் கைநழுவாதிருக்க அன்னை அருள்புரிவாளாக!