கோழிக் கிண்ணம்

சீனாவின் மிங் பேரரசர் செங்ஹுவா காலத்தில் (1465–1487) ஜிங்டெசென் அரச சூளைகளில் உருவான சிறு பீங்கான் கிண்ணம். வாய்விட்டம் 8 செ.மீ. அளவே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். புறச்சுவரில் சேவலும் பெட்டையும் குஞ்சுகளோடு மேய்கின்றன. இடையிடையே பாறை, பியோனி, லில்லி மலர்கள்.

இதன் அருமை வண்ணம் தீட்டிய முறையில் இருக்கிறது. சீனர் இதைத் 'தோவ்சாய்' என்பர். சுடாத வெண்களிமண் கிண்ணத்தில் கோபால்ட் நீலத்தால் மெல்லிய கோடுகளை வரைந்து, மேலே தெளிந்த மெருகு பூசிக் கடும் வெப்பத்தில் சுடுவர். கோடுகள் மெருகுக்கு அடியில் நிலைத்துவிடும். பிறகு அக்கோடுகளின் உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை எனாமல்களை நிரப்பி, குறைந்த வெப்பத்தில் மறுபடி சுட வேண்டும். கோட்டுக்கு ஒரு நெருப்பு, நிறத்துக்கு ஒரு நெருப்பு. தூரிகை மயிரிழை பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அந்தச் சேவல் உயிரோடு நிற்கிறது! மிங் கைவினைஞரின் உச்சம் இதுவே எனலாம்.

அடியில் பேரரசர் ஆட்சிக் குறி ஆறு எழுத்துகளில் இருக்கும். ஆனால் குறியை மட்டும் நம்பி ஏமாந்துவிடக் கூடாது. மிங் பேரரசுக்குப் பின்வந்த சிங் பேரரசின் காலத்தில் இதைப் பார்த்துப் பல படிகள் செய்யப்பட்டன. அசல் கிண்ணங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலைபோனது.