தைல மரமும் மூன்று நீரூற்றுகளும்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் ஆவி பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. கொதிநீரில் இரண்டொரு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுப் போர்வைக்குள் தலை கவிழ்த்ததும், நெஞ்சுவரை இறங்கும் மணம் நமக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் நீலகிரியின் பெயரைத் தாங்கும் அத்தைலம் நம் மண்ணில் பிறந்ததன்று.

யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவின் மரம். அந்நிலத்தின் தொல்குடியினர் அதன் இலைகளை நெடுங்காலமாக மருந்தாகக் கையாண்டு வந்தனர். 1788இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயருடன் வந்த மருத்துவர்கள், அங்கு வடித்த தைலத்தில் சிறிது இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1852இல் ஜோசப் பொசிஸ்டோ என்னும் மருந்தாளர், தாவரவியல் அறிஞர் பெர்டினாண்ட் வான் முல்லரின் ஊக்கத்தால், விக்டோரியாவில் தைலம் வடிப்பதைத் தொழிலாகவே தொடங்கினார். முறை எளியது: இலைகளினூடே நீராவியைச் செலுத்திப் பின் குளிர்வித்தால், நீரின் மேல் தைலம் மிதக்கும்.

இம்மரத்தின் புகழ் உரோமை நகரையும் எட்டியது. புனித பவுல் தலை வெட்டப்பட்ட இடம் என்று மரபு கூறும் 'மூன்று நீரூற்றுகள்' மடம் அந்நகரின் புறத்தே உள்ளது. சுற்றிலும் சதுப்பு நிலம். மலேரியாக் காய்ச்சலால் அவ்விடம் பாழ்பட்டுக் கிடந்தது. 1868இல் அங்கு குடியேறிய டிராப்பிஸ்ட் துறவியர் யூகலிப்டஸ் மரங்களை ஏராளமாக நட்டனர். கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று உலகம் நம்பிய காலம் அது. மலேரியா என்னும் சொல்லுக்கே அதுதான் பொருள். நறுமணம் காற்றைத் தூய்மையாக்கும் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் மரங்கள் ஓங்கி வளர்ந்த பின்னும் காய்ச்சல் முற்றிலும் அகலவில்லை. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபோதுதான் உண்மை தெளிவாகத் தொடங்கியது. அம்மரங்கள் துறவியருக்கு ஏதேனும் உதவியிருந்தால், அது மணத்தால் அன்று. ஈர நிலத்தின் நீரை உறிஞ்சியதாலேயே.

அந்தக் குணமே நம் மலையில் வேறு விளைவைத் தந்தது. 1843இல் கேப்டன் காட்டன் என்பவர் நீலகிரிக்குக் கொண்டுவந்த இம்மரம், விறகுத் தேவைக்காகப் பின்னர் பெருமளவில் நடப்பட்டது. சோலைகளையும் புல்வெளிகளையும் அது ஆக்கிரமித்தது. கிளென்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வொன்று, புல்வெளியில் இம்மரத்தை வளர்த்த முதல் பத்தாண்டில் நீர்வரத்து ஏறக்குறைய 16 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. உரோமையின் சதுப்பில் வேண்டப்பட்ட தாகம், நம் ஓடைகளின் ஊற்றில் வேண்டாததாயிற்று. எனினும் அதன் இலைகளை வடித்துப் பிழைக்கும் எளிய குடும்பங்களும் அம்மலையிலேயே வாழ்கின்றன என்பதை நாம் மறத்தலாகாது.

தைலத்தின் செயலையும் இவ்வாறே அளந்தறிய வேண்டும். அதன் முதன்மைப் பொருள் சினியோல். மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டுவதால், அடைப்பு பெரிதும் குறையாதபோதும் மூச்சு எளிதாவதாக உணர்கிறோம். அந்த ஆறுதல் பொய்யன்று. ஆனால் அது நோயின் முடிவும் அன்று. குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பும் மயக்கமும் நேரக்கூடும். பச்சிளங் குழந்தைகளின் மூக்கருகே அதைத் தடவுவதும் தகாது. பாசத்தோடு செய்வதாலேயே ஒரு செயல் தீங்கற்றதாகிவிடாது.

துறவியரின் நம்பிக்கையை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. தம் காலத்து அறிவுக்கு ஏற்ப அவர்கள் உழைத்தார்கள். நமக்கோ அவர்கள் அறியாதது தெரிந்திருக்கிறது. இல்லத்து அலமாரியில் அச்சிறு புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும், மலையில் ஊற்றுக்கண்களின் அருகே இம்மரத்தை நடாதிருப்பதும் அவ்வறிவுக்கு நாம் செய்யும் மரியாதை.