மாவு பாக்கெட்டில் யாருடைய கை இருக்கு?

‘வீட்டுச் சாப்பாடா, பாக்கெட் சாப்பாடா?’னு யார் கேட்டாலும் பதில் ஏற்கெனவே தயாரா இருக்கு. வீட்டுச் சாப்பாடுதான். டாக்டர் அதைத்தான் சொல்வார், ரீல்ஸ்ல வர்றவங்க அதைத்தான் சொல்வாங்க, ஹாஸ்டல்ல மூணு வருஷம் இருந்தவங்களைக் கேட்டா கண் கலங்கிச் சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன், இன்னமும் சொல்வேன். ஆனா வீடு சமைக்கிறதில்லை. வீட்ல ஒருத்தர் சமைக்கிறாங்க. அவங்க செய்ற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தினது.

அதுக்கு ஒரு ஊரை எடுத்துக்கறேன். கூட்டேரிப்பட்டு. சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி பக்கம் போற எல்லாரும் இந்த ஊரைத் தாண்டியிருப்பீங்க, பாதிப் பேர் தூங்கிட்டே. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல, மயிலம் முருகன் கோயிலுக்குப் போறவங்க பஸ்ஸை விட்டு இறங்குற இடம். எங்க பெரியம்மா ஊர் அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்தக் கூட்டுரோட்டுல ஒரு மளிகைக் கடை முன்னாடி பத்து நிமிஷம் நின்னு பாருங்க. கம்பெனி பஸ்ஸிலிருந்தும் ஷேர் ஆட்டோவிலிருந்தும் இறங்குற பெண்கள் கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழட்டாம வந்து ஃப்ரிட்ஜைத் திறப்பாங்க. உள்ளே பால், தயிர், பாதி வெந்த சப்பாத்தி, பரோட்டா. முன்வரிசையில இட்லி மாவு. சென்னையில இருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்ல சூடு பண்ணி அப்படியே சாப்பிடற பிரியாணி, பனீர் எல்லாம் ஒரு அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும். நம்ம ஊர்ப்பக்கம் ரெடிமேட் சாப்பாட்டுக்கு வாசல் திறந்தது அந்த மாவு பாக்கெட்தான்.

அதைப் பார்த்து ‘அந்தக் காலத்துல வீட்லயே ஆட்டுவாங்க, இப்ப எல்லாம் பாக்கெட்’னு பெருமூச்சு விடுறவங்க ஒரு விஷயத்தை மறந்துடறாங்க. அந்தக் காலத்துல இந்தப் பக்கம் தினமும் யாரும் இட்லி சாப்பிடல. பெரியம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப காலையில கேழ்வரகுக் கூழ் இல்லன்னா கம்மங்கூழ். மத்தியானம் களி. நெல்லு விளையற வீடா இருந்தா ராத்திரி சோறு, அதுல மிச்சம் மறுநாள் பழையது. இட்லி, தோசைன்னா தீபாவளி, பொங்கல், மாப்பிள்ளை விருந்து. உளுந்து விலை ஒரு காரணம், அரிசி விலை ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத் தூக்கிப் பார்த்தாத்தான் தெரியும்: ஆட்டுக்கல்.

இட்லியே ரொம்பப் பழசுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சின்னத் தகவல். உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா இதைத் தேடியிருக்கார். கி.பி. 920ஐச் சேர்ந்த ‘வட்டாராதனெ’ங்கிற கன்னட நூல்ல ‘இட்டலிகெ’ வருது. ஆனா பழைய குறிப்புகள்ல அரிசி இல்லை, உளுந்து மட்டும்தான்னு அவர் சொல்றார். ஆக, நாம ‘பாரம்பரியம்’னு சொல்றதும் நடுவழியில மாறிட்டே வந்த ஒண்ணுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு குடும்பம் சோறு சாப்பிடணும்னா நெல்லை ஊறவச்சு, பெரிய அண்டாவுல அவிச்சு, களத்துல காயவச்சு, காக்கா கோழி கொத்தாம காவல் இருந்து, உரல்ல போட்டு உலக்கையால குத்தி, முறத்துல புடைச்சு, தவிடு தனியா நொய் தனியாப் பிரிக்கணும். ஒரே உரல்ல ரெண்டு பெண்கள் எதிரெதிரா நின்னு மாத்தி மாத்திக் குத்துவாங்க. தாளம் தப்பினா உலக்கை உலக்கையோட மோதும். கேழ்வரகுன்னா ஏந்திரத்துல உட்கார்ந்து அரைக்கணும். இதெல்லாம் அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி நடக்கிற வேலை. விறகும் தண்ணியும் தனிக்கணக்கு.

இந்த வேலையில முதல்ல வீட்டை விட்டு வெளியே போனது குத்துறதுதான். அரிசி மில் வந்தது. இன்னைக்கு யாரும் மில் அரிசியை ‘ரெடிமேட்’னு திட்டறதில்லை. ஆனா 1930கள்ல திட்டினாங்க! 1934ல காந்தி வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை ஆரம்பிச்சார். அதை நடத்தினவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசிக்காக அவங்க பெரிய பிரச்சாரமே பண்ணாங்க. ரெண்டு காரணம் சொன்னாங்க. ஒண்ணு, மில் தவிட்டை எடுத்துடுது, சத்து போகுது. இது உண்மை, தீட்டின பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்த இடங்கள்ல பெரிபெரி நோய் வந்தது. நெல்லை அவிக்கும்போது பி1 வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள்ள இறங்குறதால புழுங்கலரிசி சாப்பிட்டவங்க ஓரளவு தப்பிச்சாங்க. ரெண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாப் படுது: கூலிக்கு நெல் குத்திப் பிழைச்ச ஏழைப் பெண்களோட வருமானத்தை மில் பிடுங்குது.

குமரப்பா சொன்ன ரெண்டுமே சரி. ஆனா அவர் கணக்குல வராத ஒருத்தி இருக்கா. கூலியே இல்லாம, தன் வீட்டுக்காக, விடியறதுக்கு முன்னாடி எழுந்து குத்தினவ. அவளைக் கேட்டிருந்தா மில் வரட்டும்னுதான் சொல்லியிருப்பான்னு நினைக்கிறேன். எங்க பெரியம்மாவுக்கு மில்மேல ஒரு கோபமும் கிடையாது. “தோள்பட்டை மிச்சம்”னு முடிச்சிடுவாங்க.

அடுத்தது ஆட்டுக்கல். கோயம்புத்தூர்ல 1955ல பி. சபாபதி என்பவர் மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லுல பெண்ணோட கை குழவியைச் சுத்தும். இதுல மோட்டார் பாத்திரத்தைச் சுத்துது, குழவிக்கல்லு நின்ன இடத்திலேயே உருளுது. கல்லு மட்டும் மாறல. பின்னாடி கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைச்சது. ஆரம்பத்துல அது ஓட்டலுக்கும் வசதியான வீட்டுக்கும்தான். மத்தவங்களுக்கு இருந்தது தெருவுல ஒரு மாவு அரைக்கிற கடை. ஊறின அரிசி, உளுந்தை வாளியில எடுத்துட்டுப் போய்க் கொடுத்தா, படிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு அரைச்சுத் தருவாங்க. கவனிங்க, பாக்கெட் வர்றதுக்கு முன்னாடியே மாவு வீட்டுக்கு வெளியே போயிடுச்சு.

இதுக்கு நடுவுல அரசாங்கம் சமையலறைக்குள்ள வந்தது. 1967ல ‘ரூபாய்க்குப் படி அரிசி’யில் ஆரம்பிச்சு, 2006ல கிலோ 2 ரூபாய், 2008ல 1 ரூபாய், 2011 ஜூன்லிருந்து ரேஷன் அரிசி இலவசம். களியும் கூழும் சாப்பிட்ட வீடுகள்ல மூணு வேளையும் அரிசி வந்தது. ரேஷன் புழுங்கலரிசியை இட்லிக்கு ஊறப்போடாத வீடு நம்ம மாவட்டத்துல குறைவு. அதே 2011 செப்டம்பர் 15 அன்னைக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்குச்சு. (ஒரு ரூபாய் அரிசி, கிரைண்டர், 2022ல பள்ளிக் காலை உணவு, 2023ல மகளிர் உரிமைத்தொகை, இந்த நாலும் தொடங்கின தேதி செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாள். தமிழ்நாட்டு அடுப்படிக்கு ஒரு நாள்காட்டி போட்டா அந்தத் தேதியைத்தான் சிவப்புல வட்டம் போடணும்.)

அரிசி இருக்கு, கிரைண்டர் இருக்கு. வேலை குறைஞ்சிருக்கணும் இல்லையா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்னு ஒரு அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983ல ஒரு புத்தகம் எழுதினாங்க. ‘அம்மாவுக்கு இன்னும் கூடுதல் வேலை’ங்கிறதுதான் தலைப்போட பொருள். வாஷிங் மெஷினும் அடுப்பும் வந்தப்ப உடம்பு வலி குறைஞ்சது. ஆனா எதிர்பார்ப்பு ஏறிடுச்சு, முன்னாடி விறகு வெட்டிட்டு இருந்த ஆம்பளைங்க வேலை காணாமப் போச்சு, பெண்ணோட நேரம் மிச்சமாகலன்னு அவங்க காட்டுறாங்க. இதைப் படிச்சப்ப எனக்குக் கூட்டேரிப்பட்டுதான் ஞாபகம் வந்தது. வருஷத்துக்கு மூணு தடவை ஆட்டின மாவு வாரத்துக்கு ரெண்டு தடவை ஆச்சு. உரல் கிட்ட ரெண்டு பேர் நின்னாங்க, சுவிட்ச் கிட்ட ஒருத்தர்தான். ஊறப்போடறது, உளுந்துக்குத் தண்ணி தெளிக்கிறது, வழிக்கிறது, அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவுறது, புளிச்சுப் பொங்கி வழிஞ்சா துடைக்கிறது. மோட்டார் இதுல எதையும் செய்யாது.

அந்த இடத்துலதான் பாக்கெட் நுழையுது. உலகத்துல பாக்கெட் சாப்பாட்டோட பெரும்பகுதி ராணுவத்திலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் பிறந்தது. உணவைக் கண்ணாடிப் புட்டியில அடைச்சுச் சூடாக்கிக் காப்பாத்தலாம்னு காட்டின நிக்கோலா அப்பேருக்கு 1810ல பிரெஞ்சு அரசு 12,000 ஃப்ராங்க் பரிசு கொடுத்துச்சு. நம்ம பக்கம் 1942ல பர்மா ஜப்பான் கைக்குப் போனப்ப அரிசி வரத்து நின்னது. அந்தப் போர்க்காலப் பஞ்சத்துலதான் ரவா இட்லியைக் கண்டுபிடிச்சதா பெங்களூர் எம்.டி.ஆர். சொல்லுது. 1975 நெருக்கடி நிலையில ஓட்டல் விலைக்குக் கட்டுப்பாடு வந்தப்ப, கட்டுப்படியாகாம மிக்ஸ் பாக்கெட் விற்கப் போனதாவும் அவங்களே சொல்றாங்க. மைசூர்ல 1961ல ஆரம்பிச்ச ராணுவ உணவு ஆய்வுக்கூடம் ரிட்டார்ட் பைகளை வளர்த்தெடுத்தது. பல அடுக்குப் பையில சமைச்ச சாப்பாட்டை அடைச்சு, கிட்டத்தட்ட 121 டிகிரி சூட்டில் கிருமியைக் கொன்னா, ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாசக்கணக்குல கெடாது. எல்லைக் காவலுக்குச் செய்தது, இன்னைக்கு வெளிநாடு கிளம்புற பசங்க பெட்டிக்குள்ள போகுது.

மாவு பாக்கெட் இந்தக் குடும்பத்துல சேராது. அதுக்குப் போரும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. 2005ல பெங்களூர்ல 50 சதுர அடி இடத்துல ஆரம்பிச்ச ஐடி ஃப்ரெஷ் பெரிய கம்பெனி ஆனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதே கம்பெனியோட பரோட்டா ‘ரொட்டி’யில சேராது, அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.ன்னு 2020ல கர்நாடகாவில் ஒரு தீர்ப்பு வந்து ஊரே சிரிச்சதும் ஞாபகம் இருக்கும். 2025 செப்டம்பர்ல அந்த வரியே போயிடுச்சு. ஆனா கூட்டேரிப்பட்டு மாதிரி இடத்துல விக்கிற பல பாக்கெட்ல பேர்கூடச் சரியா இருக்காது. பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா, பெரிய கிரைண்டர், ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். அவ்வளவுதான் ஃபேக்டரி.

உடம்புக்கு நல்லதான்னு கேப்பீங்க. பாக்கெட்னு ஒரே பேர்ல எல்லாத்தையும் போட்டு அடிக்கிறது எனக்குப் பிடிக்கல. பிரேசில்ல கார்லோஸ் மொன்டெய்ரோ குழு கொண்டுவந்த ‘நோவா’ வகைப்பாடு, உணவு எந்த அளவு தொழிற்சாலையில உருமாறியிருக்குன்னு பார்க்கும். அந்தக் கண்ணாடியில அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு மட்டும் இருக்கிற புளிச்ச மாவும், சுவையூட்டி சேர்த்த நூடுல்ஸும் ஒண்ணு கிடையாது. மாவுக்காரங்க என்ன தண்ணி ஊத்துறாங்க, கிரைண்டரை எப்படிக் கழுவுறாங்க, சோடா உப்பு போடுறாங்களா? அங்கே கேட்க வேண்டியது இது. இதை ஓட்டல்லயும் கேட்கணும்.

இப்ப நேரக் கணக்கு. மத்திய அரசோட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019ல என்ன சொல்லுதுன்னா, வீட்டு வேலை செய்ற பெண்கள் ஊதியமில்லாம அதுக்கு ஒரு நாளைக்குச் செலவிடறது சராசரி 299 நிமிஷம். வீட்டு வேலை செய்ற ஆண்கள், 97. அஞ்சு வருஷம் கழிச்சு 2024ல பெண்களுக்கு 289. பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு! ஆண்களுக்கு? 88. அவங்களும் ஒன்பது நிமிஷம் குறைச்சுக்கிட்டாங்க.

இந்த வேலைக்கு மதிப்பு உண்டுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன்ல சொல்லிச்சு. கணவர் சம்பாத்தியத்துல வாங்கின சொத்துல, வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவியின் பங்கும் இருக்கு, சரிபாதி உரிமை உண்டுன்னு தீர்ப்பு. மூணு மாசத்துல மகளிர் உரிமைத்தொகை, மாசம் 1,000 ரூபாய். அதோட பேர்ல ‘உதவி’ங்கிற வார்த்தை இல்லாம ‘உரிமை’ன்னு இருக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. பள்ளிக் காலை உணவுத் திட்டத்துல உப்புமா, கிச்சடி, பொங்கல் போடறாங்க. இட்லியைக் காணோம். காரணம் எங்கேயும் எழுதி வச்சிருக்கான்னு தெரியாம நானா ஊகிக்கிறேன்: மாவாட்டணுமே!

குமரப்பாவோட ரெண்டாவது கேள்வி மட்டும் என்னை விடமாட்டேங்குது. வேலை வீட்டை விட்டு வெளியே போகும்போது கூலி யாருக்குப் போகுது? பேரில்லாத பாக்கெட்ல அது பக்கத்துத் தெரு அக்காவுக்குப் போகுது. காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறது இப்ப அவங்க, ஆனா காசு கைக்கு வருது. திண்டிவனம் பக்கத்துல சிப்காட் உணவுப் பூங்கா வந்திருக்கு. பெரிய கம்பெனி மாவு, ஒரே ருசியில, ஒரே பையில, இந்த ஃப்ரிட்ஜுக்குள்ள வரிசை கட்டினா, அதே அக்கா அங்கே ஷிப்டுக்குப் போவாங்களா, அவங்களும் அடையாள அட்டையோட வந்து மாவு வாங்குவாங்களா? பெரியம்மா ஊர்ல இதைக் கேட்டா, “யார் ஆட்டினா என்ன, புளிக்காம இருந்தா சரி”ங்கறாங்க.

பெரியம்மா இப்ப வாரநாள்ல பாக்கெட்தான் வாங்குறாங்க. தீபாவளிக்கு மட்டும் வீட்ல, அந்த விலையில்லா கிரைண்டர்ல. ஆட்டி வழிச்சதும் கல்லைத் தூக்கிக் கழுவுறது எங்க அண்ணன். அவங்களுக்குத் தோள்பட்டை வலி, தூக்க முடியாது. ஆட்டுக்கல் கொல்லையில கிடக்கு. குழியில தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க, கோழி குடிக்க.