மார்செல்லஸ்

மார்க்கஸ் கிளாடியஸ் மார்செல்லஸ் (கி.மு. 42 – கி.மு. 23) உரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் தமக்கை ஆக்டேவியாவின் மகன். அகஸ்டஸுக்கு ஆண் பிள்ளை இல்லை; ஜூலியா என்ற ஒரே மகள்தான். அதனால் அடுத்து ஆளப்போகிறவர் மார்செல்லஸ்தான் என்று உரோம் நகரமே நம்பியிருந்தது.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். கி.மு. 29ல் ஆக்டியம் போர் வெற்றியைக் கொண்டாடிய ஊர்வலத்தில், அகஸ்டஸின் தேருக்கு வலப்புறக் குதிரையில் இவர் வந்தார். இடப்புறக் குதிரையில் வந்தவர், அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகன் டைபீரியஸ். கி.மு. 25ல் தாய்மாமன் மகள் ஜூலியாவையே மணந்தார். அப்போது அகஸ்டஸ் ஸ்பெயினில் நோயுற்றிருந்ததால் தளபதி அக்ரிப்பாவே முன்னின்று திருமணத்தை நடத்திவைத்தார். உயர்பதவியான கன்சல் பொறுப்புக்குச் சட்டம் விதித்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவே மார்செல்லஸ் வரலாம் என்று செனட் சபை சலுகை அளித்தது. அவர் வயதே ஆன டைபீரியஸுக்குக் கிடைத்தது ஐந்தாண்டுச் சலுகை. அகஸ்டஸின் மனம் யார் பக்கம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கி.மு. 23ல் நகரின் சந்தைகளையும் விழாக்களையும் கவனிக்கும் ஈடில் பதவி அவருக்கு வந்தது. மாமன் பொருளுதவியுடன் ஆடம்பரமாக விளையாட்டு விழாக்கள் நடத்தினார். வழக்காட வருகிறவர்கள் வெயிலில் வாடக்கூடாதென்று நகர மன்றத் திடலுக்கு மேலே துணிப்பந்தல் கட்டச் செய்தார். இளைஞர் மீது மக்கள் வைத்த அன்புக்கு இத்தகைய செயல்களும் காரணம்.

அதே ஆண்டு அகஸ்டஸ் சாகும் நிலைக்குச் சென்றார். முத்திரை மோதிரத்தை அவர் கொடுத்தது மார்செல்லஸிடம் அல்ல, அக்ரிப்பாவிடம். அன்பு வேறு, ஆட்சிப் பொறுப்பு வேறு என்று அவர் பிரித்துப் பார்த்ததாகவே கொள்ள வேண்டும். அனுபவமற்ற இளைஞரிடம் பேரரசை விட்டுச்செல்ல அவர் துணியவில்லை. மருத்துவர் அன்டோனியஸ் மூசா குளிர்ந்த நீர்ச் சிகிச்சையால் அகஸ்டஸைப் பிழைக்க வைத்தார். சில மாதங்களில் மார்செல்லஸும் படுத்தார். அதே மருத்துவர், அதே சிகிச்சை, பயன் இல்லை. நேப்பிள்ஸ் அருகே பாயே என்னும் கடற்கரை ஊரில் இறந்தார். லிவியாமேல் பழி கிளம்பியது. ஆனால் அப்பேச்சைப் பதிவு செய்த வரலாற்றாசிரியர் டியோ, அக்காலத்தில் நோயால் பலர் மாண்டதையும் சேர்த்தே எழுதுகிறார். பழி நிற்காது.

இரங்கலுரையை அகஸ்டஸே நிகழ்த்தினார். அவர் கட்டிய பேரரசக் கல்லறையில் முதலில் வைக்கப்பட்டது மார்செல்லஸின் அஸ்திதான். ஆக்டேவியா தம் இறுதிநாள்வரை துக்கத்திலிருந்து மீளவில்லை. மகனின் உருவப்படம் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள அவர் இசையவில்லை என்று தத்துவஞானி செனெக்கா குறிப்பிடுகிறார். வெர்ஜில் தம் 'ஈனியட்' காவியத்தின் ஆறாம் பகுதியில் இவருக்காக இரங்கிப் பாடியுள்ளார்.

ஜூலியா கி.மு. 21ல் அக்ரிப்பாவுக்கு மணமுடிக்கப்பட்டார். அவர்கள் மைந்தர்களான காயஸையும் லூசியஸையும் அகஸ்டஸ் தத்தெடுத்தார். அவர்களும் இளமையிலேயே மாண்டனர். கி.பி. 14ல் டைபீரியஸ் அரியணை ஏறினார்.

ஜூலியஸ் சீசர் தொடங்கி அகஸ்டஸ் முடித்த பெரிய அரங்கு மார்செல்லஸின் பெயரைத் தாங்கி உரோமில் இன்றும் நிற்கிறது. அதன் மேல்தளங்களில் குடியிருப்புகள் உள்ளன.