தாத்தா பிறந்தது புதுச்சேரியில்... பேரனுக்குப் பிரெஞ்சு குடியுரிமை கிடைக்குமா? விதிகள் சொல்வது என்ன?

“மாப்பிள்ளை வீட்டுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கு.” புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கம் பெண் பார்க்கும் பேச்சில் இந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பே தனி. அதே பேச்சு சில நேரம் திருவண்ணாமலை, செங்கம் வரைக்கும் நீளும். புதுச்சேரியில் கிளம்பி திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலையில்தான் ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கமும் இருக்கிறது. வேலைக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தம் பேசவும் அந்தச் சாலையில் போய்வந்த குடும்பங்கள் ஏராளம்.

அதனால், “எங்க தாத்தா பிறந்தது பாண்டிச்சேரி. அப்போ எங்களுக்கும் பிரான்ஸ் பாஸ்போர்ட் கிடைக்குமா?” என்ற கேள்வி பல வீடுகளில் எழுவது இயல்பு. ‘கிடைக்கும், லட்சக்கணக்கில் செலவாகும்’ என்று சொல்லும் ஏஜென்ட்டுகளும் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ.

வெள்ளைக்காரன் போன பிறகும் குடியுரிமை எப்படி?

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ம் தேதி இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படியான இணைப்புக்கு மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1956 மே 28-ல் இந்தியாவும் பிரான்ஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பிறகு, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

அந்த நாள்வரை அங்கிருந்த மக்கள் சட்டத்தின் பார்வையில் பிரெஞ்சுக் குடிமக்கள். இனி அவர்கள் யார்? இதற்கான பதில் ஒப்பந்தத்தின் சில பிரிவுகளில் இருக்கிறது. இன்றைக்கும் பேரன், பேத்திகளின் விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் அந்தப் பிரிவுகளை வைத்துத்தான்.

1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே இருந்தார்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எங்கே பிறந்தார் என்பது மட்டும் போதாது.

- புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து, அன்றைக்கு அங்கேயே வசித்தவர்: தானாகவே இந்தியக் குடிமகன் ஆகிவிட்டார். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாக அறிவித்திருக்க வேண்டும்.

- அங்கே பிறந்து, அன்றைக்கு இந்தியாவின் வேறு பகுதியில் வசித்தவர்: இவருக்கும் அதே விதிதான். உதாரணத்துக்கு, வில்லியனூரில் பிறந்த ஒருவர் மல்லாட்டை வியாபாரத்துக்காகச் செங்கம் வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1962-ல் செங்கத்தில் இருந்ததால் அவரும் இந்தியர் ஆகிவிட்டார். வேண்டாம் என்றால் அவரும் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

- அங்கே பிறந்து, அன்றைக்கு இந்தியாவுக்கு வெளியே வசித்தவர்: இவர் கதை தலைகீழ். பிரான்ஸிலோ வேறு நாட்டிலோ நிலையாகக் குடியிருந்தவர் எதுவும் எழுதிக் கொடுக்காமலேயே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். இந்தியர் ஆக விரும்பினால்தான் அறிவிக்க வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கடல் கடந்து போன ‘சொல்தா’ குடும்பங்கள் பலவற்றின் தொடக்கம் இங்கேதான்.

- அங்கே பிறக்காத பிரெஞ்சுக் குடிமகன்: சைகோனில் வேலை பார்த்த புதுச்சேரித் தம்பதிக்கு அங்கேயே பிறந்த குழந்தை ஒரு உதாரணம். மேலே சொன்ன பிரிவுகள் ‘அங்கே பிறந்தவர்களை’ப் பற்றியே பேசுவதால், இவர்களின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அந்த ஆறு மாதம்

அறிவிப்புக்கான அவகாசம் 1963 பிப்ரவரி நடுவில் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்தவர்கள் சுமார் 5,000 பேர். மற்றவர்கள் இந்தியர் ஆனார்கள்.

இதில் குழந்தைகளுக்கும் ஒரு விதி உண்டு. 18 வயதுக்குக் கீழ் இருந்த, திருமணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையை அப்பாவின் அறிவிப்பே தீர்மானித்தது. அப்பா இல்லை என்றால் அம்மா, இருவரும் இல்லை என்றால் காப்பாளர். அந்த அறிவிப்பில் பிள்ளைகளின் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்கிறது ஒப்பந்தம். தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தாலும், அப்போது சிறுவனாக இருந்த உங்கள் அப்பாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தாத்தா கையெழுத்துப் போடவே இல்லை என்றால்? மேலே சொன்ன முதல் இரண்டு வகையில் அவர் வந்தால், பிரெஞ்சுக் குடியுரிமை அன்றோடு முடிந்தது. அவரிடம் இல்லாததைப் பேரனுக்குக் கொடுக்க முடியாது.

“தாத்தா பிறந்தது பாண்டி பக்கம்தான்...”

இந்த ‘பக்கம்’தான் பல பேரை ஏமாற்றும் வார்த்தை. புதுச்சேரியின் நிலப்பரப்பு ஒரே துண்டாக இருக்காது. நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரும். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், உழவர்கரை எல்லாம் பிரெஞ்சுப் பகுதி. ஆனால் புதுச்சேரி நகரத்தை ஒட்டியே இருக்கும் கோட்டக்குப்பம் அன்றைக்கு ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி. கடலூர், திண்டிவனமும் அப்படித்தான். தாத்தா பிறந்த கிராமம் எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதைப் பிறப்புப் பதிவைப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் சொல்லும் கதையை நம்பி இறங்கக் கூடாது.

தாத்தா பிரெஞ்சுக்காரர்தான். அடுத்து என்ன?

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 18-வது பிரிவின்படி, அப்பா அம்மாவில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் பிரெஞ்சுக் குடிமகன். பிறந்த இடம் முக்கியமில்லை. செங்கம் அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தாலும் சரி. (தாய் வழியாக வருவதற்கு 1973-க்கு முன் கட்டுப்பாடுகள் இருந்தன. அதற்கு முன் பிறந்தவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.)

ஆனால் தாத்தாவிடமிருந்து நேரடியாகப் பேரனுக்குத் தாவாது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று படிப்படியாக வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் பெற்றோர், பிள்ளை உறவு அந்தப் பிள்ளை மைனராக இருக்கும்போதே சட்டப்படி உறுதியாகியிருக்க வேண்டும்.

அயர்லாந்து விதியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், பேரப்பிள்ளை வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கான பதிவேட்டில் பெயரைச் சேர்த்து, பதிவான நாளிலிருந்து ஐரிஷ் குடிமகன் ஆகலாம். பிரான்ஸில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. ‘நான் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக்காரன்தான்’ என்று நிரூபிப்பதுதான் இங்கே விண்ணப்பம்.

50 ஆண்டு விதி: பலருக்கும் தெரியாத தடை

அதே சிவில் சட்டத்தில் 30-3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. குடும்பத்தின் முன்னோர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார்கள். விண்ணப்பிப்பவரும் சரி, அவருக்குக் குடியுரிமையைத் தர வேண்டிய அப்பாவோ அம்மாவோ சரி, அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்களாக வாழவோ நடத்தப்படவோ இல்லை. இப்படிப்பட்ட நிலையில், வம்சாவளியைக் காட்டி குடியுரிமையை நிரூபிக்கவே அனுமதி கிடையாது.

1962 ஆகஸ்டிலிருந்து எண்ணினால், 50 ஆண்டுகள் 2012 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டன.

‘பிரெஞ்சுக்காரராக வாழ்வது’ என்றால் என்ன? பிரெஞ்சு பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை வாங்கியது, தூதரகத்தில் பெயர் பதிந்தது, பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களித்தது, ராணுவத்தில் பணியாற்றியது போன்றவை. 2022 பிரான்ஸ் அதிபர் தேர்தலில் புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளாவில் சுமார் 4,500 பேர் வாக்காளர்களாக இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இந்தத் தடை பெரிய பிரச்னை இல்லை. பரணில் இருந்த பெட்டியில் தாத்தாவின் பழைய காகிதத்தை இப்போதுதான் பார்த்த குடும்பத்துக்கு இது பெரிய சுவர்.

பிற நாடுகளும் கதவைச் சாத்தி வருகின்றன. எத்தனை தலைமுறை ஆனாலும் சரி என்றிருந்த இத்தாலி, 2025-ல் சட்டத்தைத் திருத்தி, பெரும்பாலும் பெற்றோர், தாத்தா-பாட்டி தலைமுறையோடு நிறுத்திக்கொண்டது.

என்னென்ன ஆவணங்கள் தேவை?

- தாத்தாவின் பிறப்பு, திருமணப் பதிவுகள் (புதுச்சேரி நகராட்சி அல்லது கொம்யூன் பதிவேட்டிலிருந்து)
- 1962-63-ல் கொடுத்த அறிவிப்பின் நகல், அல்லது அன்றைக்கு வெளிநாட்டில் வசித்ததற்கான ஆதாரம்
- தாத்தா, அப்பா ஆகியோரின் பிரெஞ்சு பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, குடும்பப் பதிவேடு, ராணுவ அல்லது பென்ஷன் ஆவணங்கள்
- அப்பா, அம்மாவின் பிறப்பு, திருமணச் சான்றுகள்
- விண்ணப்பிப்பவரின் பிறப்புச் சான்று

இந்திய ஆவணங்களுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரையும், அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வேண்டும்.

சங்கிலி எங்கே அறும்?

பிரெஞ்சு ஆட்சியில் 1880-லிருந்தே இந்துக்கள், முஸ்லிம்கள் உட்பட எல்லோரும் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அதனால் தாத்தாவின் பதிவு கிடைக்க வாய்ப்பு அதிகம். சிக்கல் தொடங்குவது குடும்பம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பிறகுதான்.

நாம் உதாரணமாகச் சொன்ன செங்கம் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். தாத்தா உரிய நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்பாவின் கல்யாணம் 1980-களில் ஊர்க் கோயிலில் நடந்தது. பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்ததே 2009-ல்தான். பிறப்பும் அப்படியே. வீட்டில் பிறந்த குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பல பேருக்குப் பிறந்தநாள்.

இப்போது தாமதமாகப் பதிந்து சான்றிதழ் வாங்கலாம். ஆனால் வெளிநாட்டுச் சான்றிதழில் முறைகேடு இருப்பதாகத் தெரிந்தால் அதை ஏற்க மறுக்க, சிவில் சட்டத்தின் 47-வது பிரிவு அதிகாரம் தருகிறது. பல ஆண்டுகள் கழித்துப் பதிந்த சான்றிதழ் என்றால் கேள்விகள் கட்டாயம் வரும்.

இன்னொரு தலைவலி பெயர். பிரெஞ்சுப் பதிவேட்டில் ‘முருகன்’ என்ற பெயரில் ‘உ’ ஒலிக்கு இரண்டிரண்டு எழுத்து இருக்கும். கடைசியில் உச்சரிக்காத ஓர் எழுத்தும் ஒட்டியிருக்கலாம். ஆதாரில் அதே பெயர் வேறு மாதிரி. அவர்கள் குடும்பப் பெயர் கேட்பார்கள், நம்மிடம் இருப்பது இனிஷியல். தாத்தாவும் அப்பாவின் அப்பாவும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதே தனி வேலை.

யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

குடியுரிமைக்கு உறுதியான ஆதாரம் பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ். இதைத் தருவது பிரெஞ்சு நீதித் துறை. வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே வசிப்பவர்கள் பாரிஸ் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் இதற்கென உள்ள படிவம் கட்டாயம். மறுத்தால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் முறையிடலாம். ‘தூதரகத்தில் ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்’ என்று யாராவது சொன்னால், சான்றிதழைத் தருவது தூதரகம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கல்யாணம் செய்தால் கிடைக்குமா?

உடனே கிடைக்காது. பிரெஞ்சுக் குடிமகனை மணந்தவர், திருமணமாகிக் குறைந்தது 4 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம். சில சூழல்களில் இது 5 ஆண்டுகள். திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பிரெஞ்சு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தம் பேசும்போது ‘நேஷனாலிட்டி இருக்கு’ என்றால், கூச்சப்படாமல் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் குடியுரிமைச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்பதும் ‘இருக்கு’ என்பதும் ஒன்றில்லை.

இந்தியக் குடியுரிமை என்ன ஆகும்?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இரண்டு நாட்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ள முடியாது. இந்தியக் குடியுரிமை போனால் ஓட்டுரிமையும் போகும். வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டை வாங்கி இங்கே விசா இல்லாமல் வந்து தங்கலாம். ஆனால் அந்த அட்டையை வைத்து விவசாய நிலம் வாங்க முடியாது.

முதலில் செய்ய வேண்டியது

செலவு அதிகமில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். தாத்தா பிறந்த கொம்யூனில் அவருடைய பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். 1962-ல் அவர் எங்கே வசித்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆறு மாத அவகாசத்தில் அவர் கொடுத்த அறிவிப்பின் நகல் இருக்கிறதா, 2012-க்கு முன் அவரோ அப்பாவோ பிரெஞ்சு ஆவணம் எதையாவது வாங்கினார்களா என்று தேடுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் ‘இல்லை’ என்றால், எந்த ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்தாலும் அந்தப் பதில் மாறப்போவதில்லை. ‘ஆமாம்’ என்றால், அந்தக் காகிதங்களை லேமினேட் செய்யாமல் அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, அடுத்த படிக்குப் போகலாம்.