பாசி பிடித்தலும் பாசி எடுத்தலும்

போர்ட் கொச்சியில் கல்வத்தி கால்வாயை ஒட்டி நடக்கும்போதெல்லாம் ஒரு வினைச்சொல் நினைவுக்கு வரும். தமிழில் பாசி 'பிடிக்கும்', 'படரும்'. 'விளையும்' என்று நாம் சொல்வதில்லை. மலையாளத்திலும் 'பாயல்' பிடிக்கவே செய்கிறது. இரு மொழிகளிலும் அது கவனிப்பாரற்ற நீரின் அடையாளம். ஆனால் மண்டபம், இராமேசுவரம் கடற்கரைப் பெண்கள் 'பாசி எடுக்க'ப் போகிறார்கள். அது பெரிய கடற்பாசி. அவர்களுக்கு அது விளைச்சல். கழிவுநீரில் நுண்பாசி வளர்த்த வரலாற்றை இவ்விரு வினைகளுக்கும் இடைப்பட்ட வரலாறாக வாசிக்கலாம்.

1950களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வில்லியம் ஆஸ்வால்டும் ஹெரால்டு கோட்டாசும் ஆழம் குறைந்த குளங்களில் சாக்கடை நீரைத் தேக்கி ஆராய்ந்தனர். பாக்டீரியா கழிவைச் சிதைக்கிறது. அதில் வெளிப்படும் கரியமில வாயுவையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளையும் பாசி உண்கிறது. பாசி வெளிவிடும் ஆக்சிஜன் பாக்டீரியாவுக்கே திரும்புகிறது. இதனை அவர்கள் 1957இல் விரிவாக எழுதினர். கழிவுநீர் அங்கே வயலாயிற்று; பாசி பயிராயிற்று.

சிக்கல் அறுவடையில் இருந்தது. மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள உயிரணுக்கள் எளிதில் படிவதில்லை. வடிகட்டவும் சுழற்றிப் பிரிக்கவும் செலவு மிகுதி. எடுக்காமல் விட்டாலோ, பாசி மடிந்து அழுகி, உண்ட சத்தின் பெரும்பகுதியை நீருக்கே திருப்பித் தந்துவிடும். வளர்ப்பதால் மட்டும் நீர் தூய்மையாவதில்லை, எடுத்தால்தான் ஆகும்.

இந்த அறுவடையைக் கொல்கத்தாவின் கிழக்கே மீனவர்கள் மீனிடம் ஒப்படைத்திருந்தனர். நகரின் கழிவுநீர் பாயும் குளங்களில் வெள்ளிக்கெண்டையும் ரோகுவும் நுண்பாசியை நேராக உண்கின்றன. கட்லா, அப்பாசியைத் தின்னும் நுண்ணுயிரிகளை உண்கிறது. வலையில் மீன் ஏறும்போது சத்தும் நீரைவிட்டு வெளியேறுகிறது. பொறியாளர் துருவஜோதி கோஷ் 1980களில் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்யும்வரை, மீனவரின் அன்றாடத் தொழிலாக இருந்த இதைத் தொழில்நுட்பமென்று பெரிதாக எவரும் மதிக்கவில்லை.

ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஈரநிலம் 2002 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதே மாதம் அப்பட்டியலில் சேர்ந்தது வேம்பநாடு–கோள் ஈரநிலம். போர்ட் கொச்சி அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது. இங்கு ஓதத்தோடு உப்புநீர் ஏறி இறங்குவதால் கொல்கத்தா முறையை அப்படியே கொண்டுவர இயலாது. ஆலைக்கழிவின் உலோகங்கள் கலந்தால் எந்த ஊரிலும் அது ஆபத்து. ஆனால் அந்த வரலாறு எழுப்பும் கேள்வி இந்த ஊருக்கும் உரியது. கால்வாயில் வாரிய பச்சையைக் கரையிலேயே குவித்தால், அடுத்த மழையில் அதன் சத்து மீண்டும் நீரில் இறங்கும். பாசி ஏன் பிடிக்கிறது என்று கேட்கும் நாம், அதை யார் எடுப்பார், எடுத்தபின் அது எங்கே போகும் என்றும் கேட்க வேண்டும்.